மூணு நாள் காயட்டும் என்றீர்கள்

இன்று காலை மழை பிடித்ததும் உங்கள் வண்டியை மூடக் கீழே இறங்கினேன். சைடு பாக்ஸைத் திறந்தபோது அந்த ஷவர் கேப் கையில் வந்தது. தலைக்கு டை அடிக்கும்போது போட்டுக்கொள்ள நான் வாங்கி வைத்ததை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, கத்தரியால் அடியில் ஓட்டை போட்டு, ஹெல்மெட் இன்டர்காமுக்கு மழைக்கோட்டு ஆக்கிய மகராசன் நீங்கள். இன்னமும் அதில் டை வாடையும் ஈர ஸ்பாஞ்சு வாடையும் அடிக்கிறது. பார்க்கிங்கில் நின்றபடியே அதை மூக்கில் வைத்துக்கொண்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

அந்த இன்டர்காம் வருவதற்கு முன்னால் நாம் எப்படி வாழ்ந்தோம் என்று நினைத்தால் இப்போதும் தொண்டை வலிக்கிறது. ஒரகடம் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்று நின்று உங்கள் காது போய்விட்டது. காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால், "வெச்சா லைன்ல இருந்து எடுத்து கேட்டாண்ட உக்கார வெச்சிடுவாங்க டீச்சர்" என்பீர்கள். அதனால் வீட்டில் நான் கத்தினேன். கத்திச் சொன்னால் எல்லாமே சண்டை மாதிரிதான் கேட்கும். சோறு போடவா என்பதும் சண்டை, சர்க்கரை மாத்திரை போட்டீங்களா என்பதும் சண்டை. எதிர் வீட்டு அக்கா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏம்மா, அவரு குடிப்பாரா?" என்று கேட்டாள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷனை!

பிறகு நம் பெண் முதல் சம்பளத்தில் அந்த செட்டை வாங்கி அனுப்பினாள். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஒட்டுகிற தீப்பெட்டி அளவுப் பெட்டி, உள்ளே இரண்டு காதுக்கும் ஸ்பீக்கர், வாய்க்கு நேரே மைக். ஒன்று உங்களுக்கு, ஒன்று பின்னால் உட்காரும் எனக்கு. என்னைப் படப்பை ஸ்கூலில் இறக்கிவிட்டுத்தானே நீங்கள் ஷிப்டுக்குப் போவீர்கள். முதல் நாள், முடிச்சூர் ரோட்டில் வண்டி ஏறியதும், வழக்கம்போல அடித்தொண்டையில், "ஏங்க, கேக்குதா?" என்றேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"மெதுவா பேசு டீச்சர், காது கிழியுது!"

எத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னை மெதுவாகப் பேசச் சொன்னீர்கள்! பின்சீட்டில் உட்கார்ந்து அழுதேன். மூக்கு உறிஞ்சுவதுகூட உங்களுக்குக் கேட்டது. "இன்னா, சளியா?" என்றீர்கள்.

அன்றிலிருந்து தாம்பரத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருக்கிற அந்த முக்கால் மணி நேரம்தான் நமக்கு வீடு. ஸ்டாஃப் ரூம் வம்பு, உங்கள் சூப்பர்வைசரின் அலட்டல், பெண்ணுக்கு வந்த வரன், எல்லாம் மண்ணிவாக்கம் சிக்னலில் வைத்துத்தான் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை பேச ஏதாவது பாக்கி இருந்தால் இரண்டு பேரும் சமையல்கட்டில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம். வீடியோ காலில் பார்த்துவிட்டு நம் பெண், "அய்யோ, ரெண்டு பேருக்கும் முத்திடுச்சு" என்று சிரித்தாளே.

அதனால்தான் மழை என்றால் உங்களுக்கு அப்படி ஒரு பயம். தலை நனைந்தால் பரவாயில்லை, பெட்டி நனையக்கூடாது. சார்ஜ் போட்ட பிறகு அந்தச் சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடியைக் கட்டைவிரல் நகத்தால் நாலு மூலையும் அழுத்த வேண்டும். கேப்பை மாட்டலாம், ஆனால் அடியில் ஓட்டை வேண்டும்: "முழுசா கட்டினா உள்ளயே வேர்த்துடும். அதுவும் மூச்சு விடட்டும்." ஹெல்மெட்டை வண்டிமேல் மல்லாக்க வைத்துவிட்டேன் என்று ஒரு முறை என்னோடு அரை நாள் நீங்கள் பேசவே இல்லை. அது சட்டியாட்டம் தண்ணி பிடிச்சு ஸ்பீக்கரை ஊற வைக்குமாம். அப்படியும் நனைந்துவிட்டால்? "அரிசில போடாத, தூசி பூந்துடும். ஹேர் டிரையர் காட்டாத. சார்ஜ் போடாத. முக்கியமா, வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாக்காத. ஈரத்துல கரண்டு ஓடினா அவ்ளோதான். டப்பால போட்டு மூணு நாள் காயட்டும்." ஷூ டப்பாவிலும் மாத்திரை பாட்டிலிலும் வருகிற, ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலங்களைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு டப்பா நிறைய வைத்திருந்தீர்கள். பைத்தியக்காரத்தனம் என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

போன மழைக்காலத்து வெள்ளத்தில் முடிச்சூரில் தண்ணீர் புகுந்து, உங்கள் தங்கை குடும்பம் மொத்தமும் நம் வீட்டில் வந்து தங்கியது. இரண்டு ரூமில் எட்டுப் பேர். புதன்கிழமை மழை விட்டது, ஸ்கூல் திறந்துவிட்டார்கள். எட்டுப் பேருக்கு இட்லி ஊற்றிக்கொண்டே என் செட்டைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினேன். மூடியை அழுத்தவில்லை. சும்மா ஒரு தட்டு தட்டிவிட்டு வந்துவிட்டேன். நான்தான். வேறு யாரும் இல்லை.

மண்ணிவாக்கம் தாண்டியதும் மழை திரும்பப் பிடித்தது. சாரல் பக்கவாட்டில் அறைந்தது. அப்போதா கேட்பீர்கள் அதை? காது டெஸ்ட் எடுக்கக் கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னீர்கள். ஒரு லாரியை முன்னால் விட்டுவிட்டு, "உண்மைய சொல்லு டீச்சர். நான் உனக்கு பாரமா ஆயிட்டேனா?" என்றீர்கள்.

நான் உடனே சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லூசு மாதிரி பேசாதீங்க. உங்க பின்னாடி உக்காந்து பேசற இந்த முக்கா மணி நேரத்துக்காகத்தான் நான் காலைல எழுந்திரிக்கிறதே." சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. உங்கள் பேச்சு எனக்குக் கேட்டது, என் பேச்சு உங்களுக்கு வரவில்லை. என் மைக் போயிருந்தது. நீங்கள் அந்த ரப்பர் மூடியைத் திறந்ததும் உங்கள் உள்ளங்கையில் தண்ணீர் சொட்டியது. அதையே பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள்.

"அப்போ நீ பேசினியா?"

தலையாட்டினேன்.

"இன்னா சொன்ன?"

ஹாலில் உங்கள் தங்கை, மச்சினர், பிள்ளைகள், எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள். அந்த வார்த்தையை அத்தனை பேர் நடுவில் நான் எப்படிக் கத்துவேன்? செட்டைக் காட்டினேன். அது காயட்டும், காதோடு சொல்கிறேன் என்று சைகை செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள். மூன்று விரலைக் காட்டிவிட்டு, பெட்டியைக் கழற்றி, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்க, அந்த வெள்ளைப் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்து மூடினீர்கள்.

ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். போனில் அனுப்பியிருக்கலாம். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கத்தியிருக்கலாம். செய்யவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு அது பிடித்திருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், கையில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு உங்களை அலைய விடுவது பிடித்திருந்தது. மறுநாள் வாசலில் ஷூ போட்டுக்கொண்டே கேட்டீர்கள்: "பதிலு நல்லதா, கெட்டதா? அது மட்டும் சொல்லு." நான் டப்பாவைக் கைகாட்டினேன். "ரொம்பத்தான் பண்ற" என்றீர்கள். எனக்கு மழை லீவு. நீங்கள் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

பதினொரு மணிக்கு போன் வந்தது. லைனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் மேல் துணி போர்த்தியாகிவிட்டது. துணியை விலக்கி உங்கள் காதில் வாயை வைத்துக் கத்தினேன். முக்கால் மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். நர்ஸ் பெண் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, அவருக்குக் கேக்காதும்மா."

"கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் கத்துறேன்!"

பாவம், அவள் என்ன செய்வாள்.

சனிக்கிழமை சாயங்காலம், உங்களைக் கொண்டுபோய் விட்டு வந்து எல்லோரும் குளித்த பிறகு, டப்பாவைத் திறந்தேன். மூன்று நாள் ஆகியிருந்தது. பெட்டியை என் ஹெல்மெட்டில் மாட்டி பட்டனை அழுத்தினேன். எரியக்கூடாது, எரியவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அழுத்தினேன். நீல விளக்கு வந்தது. கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து கொடுத்து, கொக்கியில் தொங்கிய உங்கள் ஹெல்மெட்டிலும் அழுத்தினேன், வந்தது. ஹலோ என்றேன். அந்தக் காலி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என் குரல் கணீரென்று கேட்டது. நீங்கள் சொன்னபடியே செய்தால் எல்லாம் பிழைக்கும், இல்லையா? ஆள் மட்டும் பிழைக்காது. உங்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மூன்று நாளாம், மூன்று நாள்!

நீங்கள் கேள்வியோடு போனீர்கள். நல்லதாகத்தான் இருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள் என்கிறாள் நம் பெண். ஊகித்தீர்களா? ஷூ லேஸைக் கட்டும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் சிரிப்பு தெரிகிறது. சில நாள் தெரியவில்லை.

இப்போது பஸ்ஸில்தான் ஸ்கூலுக்குப் போகிறேன். இரண்டு செட்டையும் ஞாயிறுதோறும் சார்ஜ் போடுகிறேன், மூடியின் நாலு மூலையும் நகத்தால் அழுத்துகிறேன். ஆனால் எந்தப் பேச்சையும் அப்புறம் என்று வைப்பதில்லை. பெண்ணிடம் சொல்ல வேண்டியதைத் தாம்பரம் மார்க்கெட் இரைச்சலிலும் போனில் கத்தியே சொல்லிவிடுகிறேன். சண்டை போலக் கேட்டால் கேட்கட்டும்.

இன்று வண்டியை மூடவில்லை. மழை பார்க்கிங்கின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, உங்களுக்கு நான் சொன்ன பதிலை, அன்று சொன்ன அதே வார்த்தைகளில், முழுக் குரலெடுத்துக் கத்தினேன். வாட்ச்மேன் அண்ணன் குடையோடு ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர், இன்னா ஆச்சு? யாராண்ட சண்டை போட்டுகினு கீறீங்க?"

"சண்டை இல்லண்ணா," என்றேன். "வீட்டுக்காரர் ஒண்ணு கேட்டாரு. பதில் சொல்றேன்."