அண்ணன் அளவில் தைத்த சட்டைகள்

பாய்,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒவ்வொரு வரியும் நேராகத்தான் கிளம்புகிறது, பாதியில் ராஜகிரி மலை ஏறப் போய்விடுகிறது. கடப்பாரை பிடித்த கை, பேனாவையும் அப்படியே அழுத்துகிறது. தாள்கூடக் கொஞ்சம் கிழிந்துவிட்டது. ஆனாலும் இது நானே எழுதுவது. அதை நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது.

காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு, நீ தைத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை வெளியே வந்தது. உன் மெஷின் எண்ணெய் சொட்டிய கறை காலருக்குக் கீழே அப்படியே இருக்கிறது.

உன் கடைக்கு வரும்போதெல்லாம் துணியோடு என் அண்ணனின் பழைய சட்டையையும் கொண்டுவருவேன், அளவுக்கு. எல்லாரும் அளவுச் சட்டை கொண்டுவருவார்கள்தான். ஆனால் தங்கள் சட்டையைக் கொண்டுவருவார்கள். அண்ணன் என்னைவிட உயரம், தோளும் அகலம். ஊரில் எந்தப் பேச்சுவார்த்தை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவலூர்பேட்டைச் சந்தையில் எனக்கும் சேர்த்து வெள்ளைத் துணி எடுப்பது அவர்தான். அவர் மாதிரி சட்டை போட்டால் அவர் மாதிரி நாலு பேர் முன்னால் நிற்க வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சட்டைக் கைதான் என் விரல்களை மூடியது.

நீ விடமாட்டாய். கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவிக்கொண்டு, "கைய தூக்குடா, ஒரு தபா அளந்துக்கறேன்" என்பாய். நான் பின்னால் நகர்வேன். ஒருநாள் கடையில் ஆட்கள் இருக்கும்போதே கேட்டாய்: "எத்தினி வருசமா உங்கண்ணன் சட்டைக்குள்ள குடியிருக்க? வாடகையாச்சும் குடுக்கறியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு போய்ச் சேரும்வரை அது உள்ளே உறுத்திக்கொண்டே வந்தது.

அந்த ரம்ஜானுக்குப் பிரியாணித் தூக்கோடு இந்தச் சட்டையையும் கொடுத்தாய். டேப் வைக்காமல், கண்ணால் பார்த்தே தைத்தது. "வர்றப்பல்லாம் இந்தப் பச்சக் கட்டத் துணிய தடவிட்டுப் போறியே, எனக்குத் தெரியாதா இன்னா?" என்றாய். எனக்குத் தெரியாது பாய். எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்பதே நீ சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். தோள் தோளில் நின்றது. கண்ணாடியில் நின்ற ஆளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அண்ணன் ஒரு வார்த்தைதான் கேட்டார்: "இன்னாடா, புது மாப்ள மாதிரி?" உடனே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். போட்டியா, போட்டியா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். விசேஷத்துக்கு வைத்திருக்கிறேன் என்றேன். பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். உன்னைத் தூக்கிப்போன அன்றும் அண்ணன் அளவு வெள்ளைச் சட்டையில்தான் பள்ளிவாசலுக்கு வெளியே நின்றேன்.

இப்போது அண்ணனும் இல்லை. சாயங்காலத்தில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் டீச்சர், நம் தெருப் பெண்தான், உங்களுக்குப் பிடித்தது ஒன்றை எழுதுங்கள் தாத்தா என்றது. பக்கத்தில் இருந்தவர் இட்லி பிடிக்கும் என்று எழுதியிருந்தார். நானும் பார்த்து இட்லி என்று எழுதினேன். இட்லி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நீ கேட்ட வாடகை நினைவுக்கு வந்தது. அதை அடித்துவிட்டு, "எனக்குப் பச்சைக் கட்டம் பிடிக்கும்" என்று எழுதினேன். "கட்டம்னா, கணக்கு நோட்டா தாத்தா?" என்று கேட்டது அந்தப் பெண். சட்டை என்றேன்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ கொடுத்தபோதே போட்டிருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும். உடம்பு வற்றிவிட்டது பாய். தோள் இறங்கிக் கிடக்கிறது, கை மறுபடியும் விரலை மூடுகிறது. நீ பார்த்துத் தைத்த அந்த ஆள் இந்தச் சட்டையோடு தெருவில் இறங்கவே இல்லை.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புதுக் கடையில் இதைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போகிறேன். அளவுச் சட்டை கொண்டுபோக மாட்டேன். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். எப்படி இருந்தது என்று வந்து உனக்கு எழுதுகிறேன்.