கொடியும் பந்தும்

நொய்கெல்ன், பேர்லின்
12.02.1995

அன்பின் சியாமளாவுக்கு,

சுகமாய் இருக்கிறன் எண்டு தொடங்கத்தான் ஆசை, இந்தக் கிழமை அப்பிடி எழுத ஏலாமல் கிடக்கு. பேப்பரிலை வந்த உம்மடை படத்தை ஆரோ ஹனோவரிலையிருந்து கொண்டுவந்து சந்திராக்காவின்ரை கடையிலை குடுத்திருக்கினம். மனிசி பெருமைப்பட்டுச் சுவரிலை ஒட்டிவிட்டா. பிஸ்கற் கொம்பனி அணியிலை விளையாடுற எங்கடை பிள்ளை, பந்தை உருட்டிக் கட்டை விழுத்துற போலிங் சம்பியன் இறுதிப் போட்டிக்கு வந்திட்டுது எண்டு வாற போறவைக்கெல்லாம் சொல்லுறா. நானும் நெஞ்சை நிமித்திக்கொண்டுதான் போய்ப் பாத்தன். பாத்தால், உம்மடை கழுத்திலை தாலிக்கொடி இல்லை.

அரிசி வாங்க வந்த ஒருத்தர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பாத்தார். நான் உயிரோடைதானே நிக்கிறன்? வேலைக்காக நீர் அங்கையும் நான் இஞ்சையும் இருக்கிறதையே கதைக்கிற சனம் இது. என்ன நடந்தது எண்டு உடனை எழுதும்.

உம்மடை
பரராசசிங்கம்

ஹனோவர்
17.02.1995

அன்பின் என்னவருக்கு,

கோபத்திலை சாப்பிடாமல் இருக்காதேங்கோ. கொடி பத்திரமாய் இருக்கு. ஊர் பாக்கட்டும் எண்டு உங்கடை வீட்டார் தடிப்பாய்ச் செய்விச்ச கொடியெல்லோ? குனிஞ்சு பந்தை உருட்டேக்கை அது முன்னாலை வந்து நாடியிலை அடிக்குது. சட்டைக்குள்ளை விட்டாலும் துள்ளி வெளியிலை வருது. ஊசி குத்திப் பாத்தன், சட்டைதான் கிழிஞ்சுது. அதாலை விளையாடேக்கை மட்டும் கழட்டி, மண்டபத்துப் பெட்டியிலை சப்பாத்தோடை வைச்சுப் பூட்டுறன்.

நாங்கள் ரெண்டுபேரும் பேர்லின் போலிங் மண்டபத்தைக் கூட்டித் துடைச்ச காலத்தை மறந்திட்டியளோ? வேலை முடிய முதலாளி பந்து உருட்டுற ஒரு பாதையை எங்களுக்குச் சும்மா விடுவார். அவர் தந்த அந்த அமெரிக்கச் சம்பியன் போட்டி வீடியோக் கசற்றைத் தேயத் தேயப் போட்டம். ஒரு பக்கம் வயசான சம்பியன், மற்றப் பக்கம் மீசை அரும்பின பெடியன். தோல்வி நிச்சயம் எண்டு தெரிஞ்ச பிறகும் கிழவர் அவசரப்படாமல் கையைத் துடைச்சு, பந்தை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிண்டார். ஒருநாளைக்கு நாங்களும் இப்பிடி நிக்கவேணும் எண்டு சொன்னது நீங்கள்தான். உங்களைச் சமையல் வேலை விடேல்லை. எனக்கு வாய்ச்சிருக்கு. நான் விளையாடத்தான் போறன்.

உங்கடை
சியாமளா

பேர்லின்
24.02.1995

அன்பின் சியாமளாவுக்கு,

கசற் இன்னும் என்னட்டைத்தான் இருக்கு. போன ஞாயிறும் போட்டுப் பாத்தன். பந்து உருளுற சத்தம் கேட்டால் இப்பவும் என்ரை கை சும்மா இராது. அதெல்லாம் சரி. ஆனால் நான் கட்டின கொடியைச் சப்பாத்தோடை பூட்டி வைக்கிறன் எண்டு எழுத உமக்கு எப்பிடி மனம் வந்தது?

இறுதிப் போட்டி பேர்லினிலையாம். எங்கடை சனம் முழுக்கத் திரண்டு வரும். வெறுங்கழுத்தோடை நீர் நிண்டால் நான் அந்தப் பக்கமும் வரமாட்டன். கொடியோ பந்தோ எண்டு நீரே முடிவெடும்.

பரராசசிங்கம்

ஹனோவர்
03.03.1995

அன்பின் என்னவருக்கு,

முடிவெடுத்திட்டன். சப்பாத்துக்குப் பக்கத்திலை இனி வைக்கமாட்டன், அது சரியில்லைத்தான். 25ஆம் திகதி மண்டபத்துக்கு வாங்கோ. கொடியைக் கழட்டி உங்கடை கையிலையே தாறன். முன்வரிசையிலை இருந்து வைச்சிருங்கோ. ஆரும் கேட்டால், மனிசி விளையாடுறா, கொடி என்னட்டை இருக்கு எண்டு சொல்லுங்கோ. போட்டி முடிஞ்ச கையோடை வந்து கழுத்தை நீட்டுறன், நீங்களே போட்டுவிடுங்கோ.

உங்களை விட்டால் எனக்கு இந்த நாட்டிலை ஆர் இருக்கினம்? ஆனால் பந்தை விடச் சொன்னால் விடமாட்டன். பிடிவாதக்காரி எண்டு ஏசிக்கொண்டாவது வாங்கோ.

உங்கடை
சியாமளா

பேர்லின்
27.03.1995

அன்பின் சியாமளாவுக்கு,

நீர் கழட்டித் தந்த கொடியைக் கைலேஞ்சியிலை சுத்தி மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன். முதலிலை வெக்கமாய்த்தான் இருந்தது. ரெண்டாம் ஆட்டத்திலை நீர் ஒவ்வொரு வீச்சுக்கும் பத்துக் கட்டையையும் விழுத்தத் தொடங்க, நான் எழும்பி நிண்டு கத்தினன். சந்திராக்காதான் பிடிச்சு இருத்தினவ. நீர் தோத்தது நாலைஞ்சு கட்டையாலை. அதை ஒரு தோல்வியாய் நான் எடுக்கேல்லை.

பிறகு நீர் வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வெண்ட பிள்ளைக்குக் கை குடுத்தீர். உம்மடை அணியோடை கதைச்சீர். பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸிலை ஏறிட்டீர். கதிரையளை அடுக்க வந்தவங்கள் என்னை எழும்பச் சொல்லும்வரைக்கும் இருந்தன். வேணுமெண்டோ விட்டிட்டுப் போனீர்? ஏசேல்லை, கேக்கிறன். ஒரு சொல் எழுதும், கொடியை நானே அங்கை கொண்டுவாறன்.

பரராசசிங்கம்

ஹனோவர்
02.04.1995

அன்பின் பரராசசிங்கத்துக்கு,

முதல் முதலாய்ப் பேர் சொல்லி எழுதிறன், பிழையாய் எடுக்காதேங்கோ. நீங்கள் கத்தினது எனக்குக் கேட்டது. சந்தோசமாய் இருந்தது.

உங்களைத் தேடினன், காணேல்லை எண்டு எழுதலாம். பஸ்காரன் அவசரப்படுத்தினவன் எண்டும் எழுதலாம். உண்மை என்னெண்டால் நான் மறந்துபோனன். கடைசி ஆட்டத்திலை கால் எங்கை பிழைச்சது எண்டுதான் வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தன். வீட்டை வந்து சமைச்சுச் சாப்பிட்டன், வேலைக்குப் போனன், வந்தன். உங்கடை கடிதத்தைப் படிக்கேக்கைதான் கை கழுத்துக்குப் போனது. இருந்து அழுதன். கொடியை விட்டிட்டு வந்ததுக்காகவோ, அது இல்லாமல் அத்தினை நாளும் லேசாய்த் திரிஞ்சதுக்காகவோ, எனக்கே தெரியேல்லை.

கொடி அங்கையே இருக்கட்டும். நீங்கள் மட்டும் வாங்கோ. சனிக்கிழமை காலமை எனக்குப் பயிற்சி, ஒரு பாதை ரெண்டுபேருக்கும் போதும். நீங்கள் வராட்டிலும் நான் அங்கைதான் நிப்பன்.

சியாமளா