சோடிக் குணுக்கு

மச்சான்,

போன சனிக்கிழமை ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கத்து ஹோட்டல். மண்டபத்துக்குள் காலை வைத்ததும் ஈரக் கம்பளமும் ஆறிய கோப்பியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. முப்பது வருஷத்துக்கு முதல் நீ என்னைக் கூட்டிவந்து மொட்டையடித்த அதே மண்டபம். நாம் சீட்டாடிய மேசை கிடந்த இடத்தில் இப்போது ரோஸ் நிற மேடை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து என் மானத்தை வாங்கியிருப்பாய். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஜேர்மனியில் முதன்முதலாகப் பயணப் புத்தகம் கிடைத்த கையோடு இரண்டு கிழமைக்கு ரொறன்ரோ வந்தேன். மற்றவர்களுக்கு நயாகரா பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன். உண்மையில் நீ இன்னும் என் சிநேகிதன்தானா என்று பார்க்கவே வந்தேன். பெர்லின் அகதி விடுதியில் இரண்டு வருஷம் ஒரே அறை, ஒரே சட்டி, பின்னேரமானால் 304 சீட்டாட்டம். நீயும் நானும் எப்போதும் சோடி. நீ கனடா போன பிறகு கடிதங்கள் மெலிந்துகொண்டே வந்து, கடைசியாக வந்த வாழ்த்து அட்டையில் உன் கையெழுத்து மட்டும் இருந்தது. விமான நிலையத்தில் தோல் ஜக்கெற்றோடு நின்ற உன்னைக் கண்டு எனக்குக் கூச்சமாகிவிட்டது. பார்க்டேல் அறையில் இருந்த பெடியளுக்கு என்னை 'ஜேர்மன்காரன்' என்று அறிமுகப்படுத்தினாய். அது சுருக்கென்று தைத்தது.

ஞாயிறு மத்தியானம் இந்த மண்டபத்துக்குக் கூட்டிவந்தாய். தர்ம காரியத்துக்கென்று அந்தக் காலத்தில் ஹோட்டல்களில் மூன்று நாள் கசினோ போடுவார்கள். நான் படத்தில் பார்த்த கோட்டுசூட்டுக்காரர்களை எதிர்பார்த்துப் போனேன். இருந்ததெல்லாம் கம்பளிச் சட்டை போட்ட கிழவர்களும் டக்சி ஓட்டுகிறவர்களும்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் 304 ஆடினால் பாதி ஆட்டம் சண்டைதானே! இங்கே காசுச் சில்லுகள் மோதுகிற சத்தம் மட்டும்.

சோடி எதிரெதிரே இருப்பதுதான் நம் வழக்கம் என்பதால் போக்கர் மேசையில் நான் நேரே போய் உனக்கு எதிரே குந்தினேன். முதல் சுற்றிலேயே, எனக்கு நல்லது வந்திருக்கு, நீ துணிந்து போ என்று தமிழில் சொல்லியும்விட்டேன். சீட்டுப் போட்ட பெண் மேசையில் தட்டி, ஆங்கிலம் மட்டும் என்றாள். நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தமிழில் முணுமுணுத்தாய்.

"இதில சோடி ஒண்டும் இல்லையடா. வாயை மூடிக்கொண்டு உன்ர விளையாட்டைப் பார்."

நல்லாய்த்தான் பார்த்தேன்! கையில் இரண்டு ஜாக் வந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஸ்ட்ரீட்கார் ட்ராமில் வரும்போது, போக்கரில் ராசா ஜாக்குக்கு மேலே என்றெல்லாம் நீ விளங்கப்படுத்தியிருந்தாய், ஆனால் 304 இல் ஜாக்தானே எல்லாவற்றுக்கும் பெரியது, ராசா அதற்கு எவ்வளவோ கீழே. பழகின கை கேட்குமா? இருந்த சில்லு முழுவதையும் நடுவில் தள்ளினேன். என் புருவத்தைப் பார்த்தே கையில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவன் நீ. அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. மற்றவர்கள் விலகினார்கள், நீ விலகவில்லை. இரண்டு ராசாவைத் திருப்பிவைத்து, ஈவிரக்கமில்லாமல் வாரி எடுத்தாய்.

திரும்பும்போதும் ஸ்ட்ரீட்கார்தான். போன காசு பெரிதில்லை, மச்சான். நான் பார்க்க வந்த ஆள் இல்லாமல் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். யன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதேன், இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நீ வண்டி மாறுவதற்குத் தந்த ட்ரான்ஸ்ஃபர் சீட்டை எடுத்துக் கிழித்து மடித்தாய். 304 இல் தோற்றவர்களுக்குக் குணுக்குப் போடுவோமே, காதில் எதையாவது மடித்துத் தொங்கவிடுவது, அப்படி ஒரு துண்டை என் காதில் செருகினாய். எனக்கு வந்த கோபத்தில் உனக்கு அறைந்திருப்பேன். ஆனால் மற்றத் துண்டை நீ உன் காதில் செருகினாய். வென்ற காசு பொக்கற்றில் முட்டிக்கொண்டு நிற்க, குணுக்கோடு முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாய். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி நம்மையே பார்த்தாள்.

"உனக்கேனடா?" என்று கேட்டேன்.

"தோத்தால் ரெண்டு பேருக்கும் எல்லோ," என்றாய்.

பார்க்டேல் வரைக்கும் கழற்றவேயில்லை. அறைக்காரப் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பிறகு ரொறன்ரோவுக்கே வந்து குடியேறியதற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். உள்ள காரணம் அந்தப் பின்னேரம்தான்.

உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட அந்தக் குணம் என்னை விடவில்லை. போன வருஷம் மனைவி கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாந்தரமும் தவறி, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் பாஸ் பண்ணும்வரை நானும் கார் எடுப்பதில்லை என்று கார்த் திறப்பை மேசை லாச்சிக்குள் போட்டேன். மோர்னிங்சைட்டிலிருந்து றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு, உறைகிற குளிரில், பஸ் மாறி மாறிப் போனோம். விசரன் என்று அவள் ஏசினாள், ஆனால் சாப்பிடத் தொடங்கினாள். உனக்குச் சொன்னபோது நீ விழுந்து சிரித்தாய். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு நீயும் பஸ்ஸில்தான் வந்துபோனாய். கேட்டால், கார் திருத்தக் கராஜில் விட்டிருக்கு என்றாய்.

நீ போன அடுத்த மாதம் அவள் பாஸ் பண்ணினாள். அந்தச் சந்தோஷத்தில் பழக்கதோஷமாக உன் நம்பரை அழுத்திவிட்டேன். உன் மகள் எடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், அன்ரி பாஸ் பண்ணிவிட்டா என்று சொன்னேன்.

"அப்பான்ர கார் ட்ரைவ்வேயிலதான் நிக்குது அங்கிள். அன்ரி பாஸ் பண்ணுமட்டும் எடுக்கமாட்டன் எண்டவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவர்."

இனி எடுக்கலாம் பிள்ளை என்றேன்.