ட்ரம்ஸ் கேட்காத பாட்டு

இன்று காலை இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். தாதி என் முழங்கையின் உட்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஊசி போட்டதே தெரியவில்லை. ஏன் சிரிக்கிறேன் என்று அவள் கேட்டாள். எங்கள் முன்னறை நினைவுக்கு வந்துவிட்டது என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பாட்டையும் பதிய முன்னால் ரெக்கோடரில் நாடா உரசும் தலையை நீங்கள் அந்த ஸ்பிரிட்டால்தான் துடைப்பீர்கள், குழந்தையின் காதைத் துடைப்பதுபோல. என் மருந்துப் பெட்டியில் ஒரு காயத்துக்குப் போட ஸ்பிரிட் மிஞ்சியதில்லை.

நீங்கள் கண்ணை மூடி ஆறு ஆண்டுகள். இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால், நான் சொன்னதுதான் சரி என்று எழுதிவிடுவேனோ என்று தயங்கினேன். இன்று அதைத்தான் எழுதப்போகிறேன்.

உங்களை நான் கட்டியபோது நீங்கள் துறைமுகப் பக்கத்து ஹோட்டல்களில் ட்ரம்ஸ் அடிப்பவர். கொன்வென்ற்றில் பியானோ படித்த பிள்ளையைக் கொட்டடிக்கிறவனுக்கோ கொடுக்கிறீர்கள் என்று என் பெரியப்பா கேட்டார். அவருக்கு விளங்காதது ஒன்று எனக்கு விளங்கியிருந்தது. உங்கள் குழுவில் நீங்கள் நாலு பேரும் சினிமாப் பாட்டு அடிக்க மாட்டீர்கள். சொந்தமாகக் கட்டிய பாட்டு, சொந்தத் தமிழ், கிற்றார், ட்ரம்ஸ், அவ்வளவுதான். ஒரு மனேஜர் கெஞ்சியபோது, "அப்பிடியெண்டா ரேடியோவைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டினீர்கள். திமிர் பிடித்தவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

பிறகு சண்டை தொடங்கியது. ஹோட்டல்கள் மூடின. குழுவில் இரண்டு பேர் வெளிநாடு போனார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் கிற்றார்கார நசீரும் நீங்களும் மிஞ்சினீர்கள். போனவர்களில் ஒருவர் தன் ரெக்கோடரை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் நான்கு தடங்கள். நான்கு சத்தங்களைத் தனித்தனியாகப் பதிந்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு கட்டையை மேலே கீழே தள்ளிக் கூட்டிக் குறைக்கலாம். அதைப் பார்த்த அன்றே, இனி மேடை இல்லாவிட்டால் என்ன, இங்கேயே பதிவோம் என்றீர்கள்.

முதல்நாள் பெரிய ட்ரம்மை அடித்துப் பத்து நிமிஷத்துக்குள் துவக்கோடு நாலு ஆமிக்காரர் வாசலில். தெருமுனைக் காவலரணில் அது வெடிச் சத்தமாகக் கேட்டிருக்கிறது. நீங்கள் இரண்டு குச்சிகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்தநாள் குடையை எடுத்துக்கொண்டு நானே காவலரணுக்குப் போனேன். செவ்வாயும் வியாழனும் பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை என் கணவர் ட்ரம்ஸ் அடிப்பார் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை அதிகாரியிடம் நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். அடிப்பது பரவாயில்லை மேடம், திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள், நிறுத்தினால்தான் என் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்றார். அதைக் கேட்டு நசீர் இருமும்வரை சிரித்தார்.

ஆனாலும் அந்த வருஷம் ஒன்றும் சரிவரவில்லை. பதிந்த பாட்டுகளை நீங்களே அழித்தீர்கள். பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பப் படிவம் வந்தது. நானே என் கையெழுத்தில் நிரப்பி வைத்தேன். உங்கள் ஒப்பம் மட்டும் பாக்கி. இன்னும் ஒரு பாட்டு, அதுவும் சரிவராவிட்டால் ஒப்பமிடுகிறேன் என்றீர்கள்.

அந்தப் பாட்டு எங்கள் கிணற்றடிக்கு வந்தது. ஈச்சிலம்பற்றிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்த ரஞ்சினி எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுவாள். கடலுக்குப் போகத் தடை விதித்திருந்த காலம். அள்ளிக்கொண்டே தானாகக் கட்டிப் பாடினாள்:

கரைவலை காயுது, கடல் மட்டும் ஈரம்.

நீங்கள் சவர்க்கார முகத்தோடு ஓடிவந்தீர்கள். அவளோ அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் புறப்பட இருந்தாள். போனால் அந்தக் குரல் திரும்பக் கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை முதல் தடத்தில் உங்கள் ட்ரம்ஸ். பிறகு நசீரின் கிற்றாரும் பேஸும். வியாழன் காலை ரஞ்சினி ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி, உங்கள் அடியைக் கேட்டுக்கொண்டு ஒரே தரத்தில் பாடி முடித்தாள். அப்போது எங்கள் ஊரில் மாடுகள்போலத் தெருவில் திரியும் மான்கள் என் வேலிச் செவ்வரத்தையைத் தின்றுகொண்டிருந்தன. விரட்டினால் சத்தம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களுக்காக நான் செய்த தியாகங்களில் அதையும் சேர்க்க வேண்டும்.

அவள் போனபின் நான்கையும் சேர்த்துக் கலக்க உட்கார்ந்தீர்கள். மின்சாரம் இருந்த நேரமெல்லாம் அதே பாட்டுத்தான். ஏதோ குறைகிறது என்று ஒவ்வொரு தரமும் ட்ரம்ஸைக் கூட்டினீர்கள். மூன்றாம் நாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கையோடு வந்து கதவடியில் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, இந்தப் பாட்டிலை ஒராள் கூட. தேவைக்கு மிஞ்சின ஆள்."

"ஆர்?"

"நீங்கள்."

முதலில் பகிடியாக எடுத்தீர்கள். "மதர் சுப்பீரியர், நான் பியானோச் சோதினைக்கு வரேல்லை" என்றீர்கள். ஆனால் காது சிவந்துவிட்டது. நசீரிடம் திரும்பி, நீ சொல்லு என்றீர்கள். அவர் ஏற்கெனவே சுதி சேர்ந்திருந்த கம்பியை மறுபடி முறுக்கினார்.

"அக்கா சொல்லிட்டா. நான் ரெண்டு நாளா வாய்க்குள்ள வெச்சிக்கிட்டு இருந்தன்."

நீங்கள் உங்கள் இரண்டு கைகளையும் பார்த்தீர்கள். "இருவது வருசம் அடிச்ச கை. அதை எடுத்துப்போட்டால் பிறகு நான் ஆர்?"

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ரஞ்சினி ஒளிந்துகொள்கிறாள், வெடிச் சத்தத்துக்கு ஒளிந்தே பழகியவள் என்றேன். நீங்கள் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சரியானதைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மதர்மார் எனக்குப் படிப்பிக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் பின்னேரம் மேசையில் அந்த விண்ணப்பம் கிடந்தது. ஒப்பமிட்டிருந்தீர்கள். அதைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை என்பதை இன்றுதான் சொல்கிறேன்.

மறுநாள் காலை மின்சாரம் வந்தது. நசீரும் வந்திருந்தார். என்னையும் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினீர்கள். ஒரு விரலால் ட்ரம்ஸுக்கான முதல் கட்டையை அடிவரை கீழே இழுத்துவிட்டுப் பாட்டைப் போட்டீர்கள்.

ரஞ்சினி வெளியே வந்தாள். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் மூச்சு எடுப்பதும் கேட்டது. நசீரின் விரல் கம்பியில் வழுக்குவதும் கேட்டது. அடி இல்லாத இடத்திலும் இருவரும் ஒரே காலடியில் நடந்தார்கள், ஒரு மாத்திரை பிசகாமல். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு முடியும்வரை கேட்டீர்கள்.

"நான் இல்லாமலே நடக்குது" என்றீர்கள்.

"நீங்கள் நடத்தினபடியாலைதான் நடக்குது. அவளின்ரை காதுக்குள்ளை இருந்தது நீங்கள்."

நீங்கள் விண்ணப்பத்தை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினீர்கள். என் அழகான கையெழுத்து அங்கே நெடுநாள் கிடந்தது. நானும் எடுக்கவில்லை.

பிறகு நடந்தது ஊருக்குத் தெரியும். நசீர் கொண்டுபோன கசெற் கிண்ணியாத் துறையில் ஒலித்தது. கையிலிருந்து கைக்குப் பிரதியாகி, கந்தளாய்ப் பஸ்ஸிலும் வெருகல் ஆற்றங்கரையிலும் ஒரே பாட்டு. துப்பாக்கிகள் எந்தப் பக்கம் நின்றாலும் அது போய்ச் சேர்ந்தது. தெருமுனை அதிகாரியும் ஒரு பிரதி கேட்டார். இதில் ட்ரம்ஸ் இல்லையே மேடம் என்று அவர் குறைப்பட, அதனால்தான் உங்கள் ஆட்கள் பயப்படாமல் கேட்கலாம் என்றேன். மட்டக்களப்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் தங்கள் பாட்டைச் சுமந்துகொண்டு ஆட்கள் பதிய வந்தார்கள். முன்னறையில் கதிரை போதவில்லை.

கொழும்பு ஒலிப்பதிவுக் கூடமொன்றிலிருந்து அழைப்பு வந்தபோது நானும் வந்தேன், பட்டுச்சேலையில். பெரிய கண்ணாடி அறை, குளிரூட்டி, "சேர், சேர்" என்று நிற்கும் பொறியியலாளர்கள். பெயர்பெற்ற பாடகர் ஒருவரின் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். நீங்கள் முடியும்வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "இதிலை ஆர் கூட?" பாடகரே கடைசியில் கையை உயர்த்தி, என் வயலின்கள்தான் என்றார். அந்தக் கேள்வியோடுதான் நீங்கள் பெரிய இசைத் தயாரிப்பாளர் ஆனீர்கள். உங்கள் இறுதிச் சடங்கில் நாலு பேர் அதைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள். ஒருவருக்கும் அது யாருடைய வசனம் என்று தெரியாது. நான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அது என் வசனம், எழுத்தில் இருக்கட்டும்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ரஞ்சினியின் பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் அவளைக் கேட்டார்கள். என் விரல்கள் சேலை மடிப்பில் முதல் அடியிலிருந்து தொடங்கிவிட்டன. நீங்கள் பெருமைப்பட்ட அந்த இரட்டை அடியையும் மூன்றாம் சரணத்தின் தொடக்கத்தில் விடாமல் அடித்தேன். பக்கத்தில் இருந்தவள் கை நடுங்குதோ அன்ரி என்று கேட்டாள். இல்லை என்றேன். ஊருக்காக நீங்கள் கீழே இழுத்த அந்தக் கட்டையை எனக்குள் மட்டும் முழுக்க மேலே தள்ளி வைத்திருக்கிறேன்.