யாருக்கு யார் பாஸ்வேர்டு தெரியும்

நவம்பர் 6, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி போச்சு. வாங்கணும்.

மண்டபத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மகனுக்கு துபாய் விசா வந்ததை நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே நாகப்பட்டினத்து டிராவல்ஸ்காரன் போன் செய்துவிட்டானாம். டிக்கெட்டும் அங்கேயே எடுத்தாகிவிட்டது. இதோடு மூன்றாவது ஆள். விசா நகல் வருவது எங்கள் ஆபீஸ் மெயிலுக்கு. அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்து யாரோ.

மதியம் முதலாளி கூப்பிட்டார். கம்ப்யூட்டரை யார் திறக்கலாம், எதைத் திறக்கலாம், எல்லாவற்றுக்கும் விதி எழுதித் தரணுமாம், ஒரு வாரத்தில். டைப்ரைட்டர் காலத்து ஆளிடம் ஏன் இந்த வேலை? நம்பிக்கை என்றார். இல்லை, என்னை ஆழம் பார்க்கிறாரா?

ஆபீஸில் நாலே பேர். நான். டிக்கெட் போடும் ரபீக். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து பதியும் சபுரா. முதலாளி மகன் இக்பால். மகனை விட்டுவிடலாம். விடலாமா?

நவம்பர் 7, செவ்வாய்
மழை. யூபிஎஸ் கத்திக்கொண்டே இருக்கிறது.

விதிகள், முதல் வரைவு:
1. அவரவர் பாஸ்வேர்டு அவரவரோடு.
2. எழுந்து போனால் மூடிவிட்டுப் போகணும்.
3. பென் டிரைவ் கூடாது. (ரபீக் கழுத்தில் தாயத்து மாதிரி ஒன்று தொங்குகிறது.)
4. எந்த பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும், அட்டவணை. இன்னும் போடவில்லை.

இக்பால் படித்துவிட்டுச் சிரிக்கிறான். அமெரிக்க பேங்குக்கா எழுதுகிறீர்கள் என்றான். சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை.

சபுரா இன்று இரண்டு தடவை மாடிப்படிக்குக் கீழே நின்று போன் பேசினாள், குரலைத் தாழ்த்தி. என்னைப் பார்த்ததும் “பொறவு பேசுறேன்” என்று வைத்துவிட்டாள். விசா நகலை முதலில் பார்க்கிறவளும் அவள்தான். குறித்துக்கொண்டேன்.

கொசுவத்தி, ஈனோ, குடை.

நவம்பர் 8, புதன்
மழை இல்லை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சபுரா மறுபடி படிக்குக் கீழே. 11.20, 3.05.

நவம்பர் 9, வியாழன்
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சந்தேகம் என்றுதான் சொன்னேன், நிச்சயம் என்று சொல்லவில்லை. போன், நேரம், எல்லாம். அவர் அவளைக் கூப்பிட்டு, விசாரிக்கிற வரைக்கும் வீட்டில் இரும்மா என்றார்.

அழவில்லை. மேசைச் சாவியை என்னிடம் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அண்ணே, என் பாஸ்வேர்டு உங்களுக்கும்தானே தெரியும்?”

திமிர். அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பர் 10, வெள்ளி
நல்ல வெயில். பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஆபீஸில். ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை இப்படித்தான். வேற்று மதத்துக்காரன் நான் ஒருவன் என்பதால் கடை என் பொறுப்பு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாராவது அவசரமாக வந்தால் திறக்கணுமே என்று ஆளாளுக்கு பாஸ்வேர்டை என்னிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். சபுராவும் அந்த நேரத்தில் தொழ வீட்டுக்குப் போவாள், அவளுடையதும் உண்டு.

தனியாக இருந்ததால் நாலாவது விதிக்கு அட்டவணை போட்டேன். ரபீக்கினுடையது: ரபீக், நான். இக்பாலினுடையது: இக்பால், நான். சபுராவினுடையது: சபுரா, நான். முதலாளியுடையது: அவர், நான். எல்லா வரியிலும் இருக்கிற ஒரே ஆள் நான்தான். வேறு எவன் இதைப் பார்த்தாலும் முதலில் என்னைத்தான் பிடிப்பான். நானாக இருந்தாலும் பிடிப்பேன்.

கிழித்துப் போட்டேன். பயம்.

சாயங்காலம் காரைக்கால்மேட்டிலிருந்து போன். இன்று காலை மெயிலில் வந்த விசா. நாகப்பட்டினத்துக்காரன் அதையும் சொல்லிவிட்டான். சபுரா நேற்றிலிருந்து ஆபீஸில் இல்லை.

நவம்பர் 11, சனி
காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. அட்டவணையில் நாலு பேருடைய கம்ப்யூட்டரும் எழுதினேன். ஆபீஸ் மெயிலை எழுதவில்லை. அது பொது.

ரபீக்குக்கு முன்னால் டிக்கெட் போட்டவன் இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போனான். இப்போது இருப்பது அந்த நாகப்பட்டினத்துக் கடையில். ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டு அவனுக்கு நான் சொன்னது. அவன் போன அன்று பிரியாணி போட்டோம், கட்டிப்பிடித்து அனுப்பினோம், கதவுச் சாவியை மறக்காமல் வாங்கி ஆணியில் மாட்டினேன். பாஸ்வேர்டை மாற்றணும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உள்ளே இருந்து என்று நான் துழாவிக்கொண்டிருந்தது முழுக்க வீண்.

மாற்றிவிட்டேன். முதலாளியிடம் பழைய பாஸ்வேர்டு, பழைய ஆள் என்று சொன்னேன். அவனுக்கு அதைச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“அந்தப் புள்ளய நீங்களே போயி கூட்டிட்டு வாங்க” என்றார்.

ஐந்தாவது விதி: ஆள் வேலையை விட்டால் அன்றே பாஸ்வேர்டு மாற்றணும்.

நவம்பர் 13, திங்கள்
மறுபடி மழை. புதுக் குடை.

சபுரா வீட்டுக்குப் போனேன். மாமியார் கதவைப் பாதி திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. சபுரா திரைக்குப் பின்னால் நின்றே பேசினாள். மகனுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், அதைத்தான் ஆபீஸிலிருந்து மாமியாரிடம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தாளாம். பாஸ்போர்ட் திருடி மாட்டிக்கொண்டாள் என்று தெருவெல்லாம் பேச்சாம். சவூதியிலிருந்து புருஷன் போன் செய்து இனி வேலைக்கே போகக்கூடாது என்றுவிட்டாராம். தப்பு உன்மேல் இல்லை என்று சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது.

“என்ட்ட சொல்லி என்னண்ணே? தெருவுல நாலு பேரு கேக்க சொல்லிட்டுப் போங்க. அப்ப அவுக விடுவாக, நானும் வர்றேன்.”

தெருமுனை டீக்கடையில் ஏழெட்டுப் பேர். எல்லாம் தெரிந்த முகம். ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தார். சொல்ல ஆரம்பித்தால் பாஸ்வேர்டை வெளியே கொடுத்தது யார் என்பதும் வரும். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன்.

முதலாளி கேட்டார், என்ன சொன்னாள் என்று. அந்தப் பெண்ணுக்கு வேலைக்கு வர இஷ்டமில்லை என்றேன்.