ஈயம் பிடிக்காத கால்

கோவில்பட்டி

அன்பு மகன் ஹரிகிருஷ்ணனுக்கு, அம்மா எழுதுதேன். நானும் அப்பாவும் நல்ல சுகம், அந்தக் குளிர்ல நீயும் மருமக பூங்கொடியும் சுகமா இருக்க செண்பகவல்லி அம்மன் துணையிருக்கட்டும். புதூர் மாமா உளுந்து விதைச்சுட்டு மழைக்குக் காத்திருக்காவ. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையல, எண்ணெய் தேய்க்கச் சொன்னா கோபம் வருது. இனி சொல்லப்போறதை போன்ல சொன்னா நீ குறுக்க பேசுவ, அதான் கடிதம்.

நான் வேலை பார்த்த பாலிடெக்னிக் லேப்ல பீரோ உசரத்துக்கு, பேரு மட்டும் மினி கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடந்துச்சே, அதைப் பழைய இரும்புக்குப் போடப் போறாவன்னு கேள்விப்பட்டேன். அது கெட்டதுக்கு நான் கைவச்சதுதான் காரணம்னு தொண்ணூத்தி மூணுல எனக்கு மெமோ கொடுத்தாவல்லா. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தத் தாள் என் பைல்ல கிடந்துச்சு. விடும்மா, இப்ப யாருக்கு ஞாபகம் இருக்குன்னு நீ சொன்ன. எனக்கு இருக்கு.

நேரா பிரின்சிபாலைப் பார்த்து, மிஷினைப் பிரிச்சுப் பார்க்க ஒரு வாரம் டயம் கேட்டேன். இந்த வயசுல எதுக்கும்மான்னு சிரிச்சாவ. லேப் சாவியைக் கொடுங்க சார், வயசை நான் பார்த்துக்கிடுதேன்னு சொன்னேன். கொடுத்துட்டாவ. முதல்ல பவர் சப்ளையைத் தனியா கழட்டி, கெட்ட கெப்பாசிட்டரை மாத்தினேன். பழுதான போர்டு எதுன்னா, ஒவ்வொரு புரோகிராமுக்கும் மெமரியில இடம் பிரிச்சுக் கொடுத்து, ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு நுழையாம காவல் காக்குறது. அதை அணைச்சு வச்சா மிஷின் ஓடுது, போட்டா நின்னுடுது. எழுதுன நம்பரைத் திரும்பப் படிச்சா ஒரே ஒரு பிட் மட்டும், ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல சைபரா மாறி வருது. அந்த பிட் போற வழியைப் பிடிச்சே ஒவ்வொரு ஐசியா பார்த்துக்கிட்டு போனேன். நாலாம் நாள் லென்ஸ்ல தெரிஞ்சுது, ஒரு ஐசி காலைச் சுத்தி முடி மாதிரி விரிசல். கம்பெனியில செய்யும்போதே அந்தக் காலை போர்டோட ஒட்டுற ஈயம் சரியா பிடிக்கல. என் கை அங்கன படவே இல்லடா. கொஞ்ச நேரம் அழுதேன். போட்டோ எடுத்து வச்சுட்டுத்தான் புது ஈயம் வச்சேன். சோதனை புரோகிராம் நாலு தடவையும் தப்பில்லாம ஓடுச்சு.

அன்னைக்கு மெமோ கொடுத்த வேணுகோபால் சாருக்கு போன் போட்டேன். பழசெல்லாம் எதுக்குன்னாவ. எனக்கு மன்னிப்பு வேண்டாம், வந்து பாருங்கன்னேன். கம்பு ஊனிக்கிட்டு வந்தாவ. போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நான் போர்டைக் கழட்டிக்கூடப் பார்க்கலம்மா, நீதான்னு எழுதிட்டேன்"னாவ. அதையே எழுதிக் கொடுங்கன்னு பேனாவை நீட்டினேன். அங்கனயே உக்கார்ந்து எழுதி கையெழுத்துப் போட்டாவ. பிரின்சிபால் மெமோவை ரத்து பண்ணிட்டாவ.

ஆனாலும் மிஷினுக்கு இடமில்ல, திங்கக்கிழமை பழைய இரும்பு வண்டி வரும்னாவ. வரட்டும், என் வீட்டுக்கு விடச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். இப்ப அது உன் ரூம்ல நிக்குது. உன் கட்டில் புதூர் மாமா வீட்டுக்குப் போயாச்சு. பொங்கலுக்கு வந்தா நீங்க ரெண்டு பேரும் ஹால்லதான் படுக்கணும், மிஷினை விக்குற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

குறைவில்லாம நல்லா இருங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க. மறக்காம அங்கனருந்து நல்ல லென்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வா. மிஷின்ல நான் பிரிச்சுப் பார்க்காத போர்டு இன்னும் ரெண்டு பாக்கியிருக்கு.

இப்படிக்கு
உன் அம்மா
உமாராணி