ஆற்றுக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. இந்தத் தீவில் பா என்ற ஊருக்கு மேலே, மலைக்காட்டில் நிலம் அளக்கும் வேலை. நானும், அளவுச் சங்கிலி பிடிக்கும் காசிம் பாயும் மட்டும். ஓவர்சியர் நேற்றே குதிரையில் ஊருக்கு இறங்கிவிட்டார்.

புயல் என்று தெரிந்ததும் கிளம்பினோம். ஓடை வழியாகக் குறுக்கே இறங்கும்போது கரை சரிந்தது. பாயின் வலது காலில் பாறை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு.

முன்னால் ஆறு, பின்னால் ஓடை. இரண்டிலும் வெள்ளம். நடுவில் நாங்கள்.

"இந்த வழியில வரச் சொன்ன ஓவர்சியர் வரட்டும்யா, வச்சுக்கறேன்" என்றார் பாய்.

ஓவர்சியர் சொல்லவில்லை. சீக்கிரம் வீடு போகும் ஆசையில் அவர் பெயரைச் சொன்னது நான்.

ஓடைக்கரையில் குடிசைக்காகக் கிளைகளைச் சாய்த்து, காட்டு வாழை இலை போட்டேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே தண்ணீர். முட்டாள்தனம். பள்ளத்தில் கட்டலாமா?

பிப்ரவரி 12, புதன்

மழை. பாயை முதுகில் சுமந்து மேட்டுக்கு. வழியெல்லாம் "யா அல்லா, யா அல்லா."

விழுந்து கிடக்கும் பெரிய மரம். அதன்மேல் அளவுக்கம்பு நாலைச் சாய்த்தேன். கட்டக் கொடி போதவில்லை.

"சங்கிலிய எடுத்துக் கட்டு சாமி."

"ஆபீசு சாமான் பாய். கேப்பாங்க."

"கேக்கறவன் இங்க வந்து கேக்கட்டும்."

கட்டினேன். இலையை மேலிருந்து அடுக்கினேன், ஒழுகியது. எல்லாம் பிரித்து, கீழிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்றாக. இப்போது பரவாயில்லை. தரையில் பெரணி இலை, முழங்கை உயரம். நில வரைபடத் துணி பாய்க்குப் போர்வை.

மீதி: ரொட்டி 2, வெல்லம், தீப்பெட்டி (ஈரம்).

பிப்ரவரி 13, வியாழன்

தூறல். பாய்க்குக் காய்ச்சல். வரதோலியில் இருக்கும் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

காலையில் அக்கரையில் ஒரு ஆள். மலைக் கிராமத்துக் காய்வீத்தி, இந்தத் தீவின் பூர்வகுடி; கையில் வெட்டுக்கத்தி. கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இரண்டு விரல் காட்டினேன். காலை முறிப்பதுபோல் காட்டினேன். தலையாட்டினார்.

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மூங்கில் வெட்டி எங்களுக்கு நேரெதிரே தனக்கும் ஒரு குடிசை கட்டிக்கொண்டார். அதில் புகை. பார்த்ததும் அழுகை வந்தது.

எழுத வெட்கம். மத்தியானம் சட்டையைக் கழற்றி ஆற்றில் இடுப்புவரை இறங்கினேன். தனியாக நீந்திவிடலாம் என்று. திரும்பி வந்தேன்.

"எங்கய்யா போனே?"

"தண்ணி எவ்வளவுன்னு பாத்தேன் பாய்."

பிப்ரவரி 14, வெள்ளி

வெயில். தண்ணீர் ஒரு ஆள் உயரம் இறங்கியிருக்கிறது. அக்கரைக்காரர் மூங்கில் தெப்பத்தில் வந்து சேர்ந்தார். தன்னையும் தெப்பத்தையும் காட்டி இரண்டு விரல். தெப்பம் இருவரைத்தான் தாங்கும், தன்னோடு ஒருவர்.

பாயைத் தூக்கிப் படுக்க வைத்தோம். கொடியால் கட்டும்போது சொல்லிவிட்டேன்.

"ஓவர்சியர் சொல்லலை பாய். அந்த வழி நான் சொன்னது. பொய் சொல்லிக் கூட்டியாந்தேன்."

என்னைப் பார்த்தார். அதற்குள் தெப்பம் நகர்ந்துவிட்டது.

நடு ஆற்றில் சுழன்றது. வளைவு தாண்டி மறைந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பிறகு அக்கரையில் இருவரும். அவர் பாயைச் சுமந்து வந்து ஒரு மரத்தில் சாய்த்து உட்கார வைத்தார். தெப்பம் இல்லை, போய்விட்டது போலிருக்கிறது. மறுபடியும் மூங்கில் வெட்டுகிறார். இன்னும் ஒரு நாளாவது நான் இங்கேதான்.

பாய் இரண்டு கையையும் தூக்கி என்னைப் பார்த்து ஏதோ கத்துகிறார். திட்டுகிறாரா, தைரியம் சொல்கிறாரா, கேட்கவில்லை. நானும் இரண்டு கையையும் தூக்கினேன்.